பெயரின் வாலைப் பாருங்கள்: பிரஷர் மாத்திரைகளுக்குள் என்ன வித்தியாசம்?

சேலத்தில் எந்த மெடிக்கலில் போய் "ஒரு அட்டை பிரஷர் மாத்திரை குடுங்க" என்று கேட்டாலும் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "என்ன மாத்திரைங்க? பழைய அட்டை இருக்குதுங்களா?" அந்தக் கேள்வி நியாயமானது. பிரஷர் மாத்திரை என்று தனியாக ஒரு மாத்திரை கிடையாது. ரத்த அழுத்தத்துக்கு அன்றாடம் எழுதப்படும் மருந்துகள் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் உடம்பில் வேறு வேறு இடத்தில் வேலை செய்கிறது. ஒருவருக்குப் பொருந்துவது பக்கத்து வீட்டுக்காரருக்குக் கெடுதலாக முடியலாம்.

எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலமருந்தின் பெயரையும் அதன் வாலையும் பார்த்தால் போதும். 'டிபின்' என்று முடிந்தால் ரத்தக் குழாயைத் தளர்த்தும் கால்சியம் தடுப்பான்: அம்லோடிபின், சில்னிடிபின், நிஃபெடிபின். 'ப்ரில்' என்று முடிந்தால் ஏ.சி.இ. என்ற நொதியின் தடுப்பான்: எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில். 'சார்டன்' என்று முடிபவை ப்ரில்களின் பங்காளிகள்: லோசார்டன், டெல்மிசார்டன், ஓல்மிசார்டன். 'லால்' என்று முடிபவை இதயத்துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பான்கள்: அட்டினோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால். ஐந்தாவது நீர் மாத்திரைகள். இவற்றுக்குப் பொதுவான வால் இல்லை. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு என்ற மூன்று பெயர்களை நினைவில் வைத்தால் போதும்.

முன்பக்கம் பெரிதாக அச்சிட்டிருப்பது கம்பெனி வைத்த பெயர். கடைக்குக் கடை அது மாறும். பின்பக்கப் பெயர் மாறாது. அரசு மருத்துவமனையில் வாங்கினாலும், முதல்வர் மருந்தகத்தில் வாங்கினாலும், நாலு ரோடு பக்கம் தனியார் கடையில் வாங்கினாலும் அம்லோடிபின் அம்லோடிபின்தான்.

எது பவர் ஜாஸ்தி?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. பிழையான கேள்வியும் கூட. "எனக்கு 5 பவர், அவருக்கு 80 பவர், அவருக்குத்தான் வியாதி முத்திப்போச்சு" என்று மில்லிகிராமை வைத்து அளப்பவர்கள் நிறைய. 5 மி.கி. அம்லோடிபினும் 40 மி.கி. டெல்மிசார்டனும் 50 மி.கி. லோசார்டனும் 12.5 மி.கி. குளோர்தாலிடோனும் ஏறக்குறைய ஒரே அளவு வேலைதான் செய்கின்றன. மருந்துக்கு மருந்து மூலக்கூறு வேறு என்பதால் எடையும் வேறு. எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் வழக்கமான அளவில் ஒற்றை மாத்திரை மேல் எண்ணைச் சராசரியாக 9, கீழ் எண்ணை 5 அல்லது 6 குறைக்கும். 170 இருக்கும் ஒருவருக்கு ஒரே மாத்திரையில் 130 வராதது இதனால்தான். அது மாத்திரையின் குற்றமல்ல.

2002இல் முடிவு வெளியான ஆல்ஹாட் என்ற ஆய்வு இதைப் பெரிய அளவில் சோதித்தது. வட அமெரிக்காவில் 33,000க்கு மேற்பட்டவர்களை மூன்றாகப் பிரித்து, சிலருக்கு குளோர்தாலிடோன், சிலருக்கு அம்லோடிபின், சிலருக்கு லிசினோப்ரில் கொடுத்தார்கள். மாரடைப்பும் மாரடைப்பு மரணமும் மூன்று பிரிவிலும் வித்தியாசமில்லாமல் இருந்தன. மூன்றில் மலிவானது குளோர்தாலிடோன், இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் மற்ற இரண்டையும்விட நன்றாகவே செய்தது. விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

ஆகவே ஒப்பிட வேண்டியது வேறு மூன்று விஷயங்களை. கூடவே என்ன நோய் இருக்கிறது, எந்தப் பக்கவிளைவை அந்த உடம்பு தாங்காது, அவர் வாழும் இடமும் பார்க்கும் வேலையும் எப்படிப்பட்டவை. சேலத்தில் மூன்றாவது கேள்வி சின்னதல்ல. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் சமவெளி இது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் மார்கழிக் குளிர் நடுக்கும் ஏற்காடு. இரண்டு இடத்திலும் ஒரே மாத்திரை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

அம்லோடிபினும் கால் வீக்கமும்

அரசு மருத்துவமனையிலும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் பெரும்பாலோர் கைக்கு முதலில் வருவது அம்லோடிபின். 2.5, 5, 10 மி.கி. அளவுகளில் கிடைக்கிறது. தொடங்குவது பெரும்பாலும் 5இல். மெலிந்த முதியவர்களுக்கு 2.5. இதன் பெரிய பலம் நிதானம். உடம்பை விட்டுப் பாதி வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒரு வேளை தவறினாலும் அழுத்தம் சட்டென்று எகிறாது. சர்க்கரையை, சோடியத்தை, பொட்டாசியத்தை இது தொடுவதில்லை. அதனால் தொடங்கியதும் ரத்தப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆஸ்துமாக்காரரும் எடுக்கலாம். உப்பு அதிகம் சாப்பிடுகிறவரிடம்கூட ஓரளவு வேலை செய்யும். ப்ரில், சார்டன் இரண்டும் அங்கே திணறும்.

நிதானத்துக்கு மறுபக்கமும் உண்டு. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே அளந்து பார்த்து "கேக்கலை" என்று வேறு மாத்திரைக்குத் தாவுவது வீண்.

சிக்கல் கணுக்கால் வீக்கம். இந்த மருந்து ரத்தத்தைக் கொண்டு வரும் சிறு தமனிகளைத் தளர்த்துகிறது. திருப்பி எடுத்துப் போகும் சிரைகளை அந்த அளவுக்குத் தளர்த்துவதில்லை. உள்ளே வரும் வாய்க்கால் அகலமாகி வடிகால் பழைய அளவிலேயே இருந்தால் வயலில் தண்ணீர் கட்டும் அல்லவா? அதேதான் கணுக்காலிலும் நடக்கிறது. 5 மி.கி.யில் நூற்றுக்கு மூன்று பேருக்கு வந்தால் 10 மி.கி.யில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு வரும். பெண்களுக்குக் கூடுதல். அம்மாபேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு எட்டு மணி நேரம் உட்காருகிறவர்களுக்கும், விசைத்தறிப் பட்டறையில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கும் சாயங்காலம் அது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இங்கே நடக்கும் தவறுதான் கவலைக்குரியது. கால் வீங்கியதும் "கிட்னி போயிடுச்சு" என்ற பயம் வருகிறது. யாரோ ஃபுரோசமைடு வாங்கிப் போடச் சொல்கிறார்கள். இந்த வீக்கம் உடம்பில் நீர் தேங்கியதால் வந்ததல்ல, நீர் இடம் மாறியதால் வந்தது. ஆகவே சிறுநீரை விரட்டும் மாத்திரைக்கு அது அசைந்து கொடுக்காது. வீக்கம் அப்படியே இருக்க, உடம்பின் நீரும் பொட்டாசியமும்தான் போகும். பிறகு கால் சதை பிடித்துக்கொள்ளும், தலை சுற்றும், அதற்கு இன்னொரு மாத்திரை. ஒரு பக்கவிளைவை நோயென்று எண்ணி மருந்து கொடுத்ததன் விளைவு இது. சரியான வழி 10ஐ 5 ஆக்குவது, அல்லது 5உடன் ஒரு சார்டனைச் சேர்ப்பது. சார்டன் சிரைகளையும் தளர்த்துவதால் வடிகால் திறந்து வீக்கம் குறையும். சில்னிடிபினுக்கு மாற்றுவதும் உண்டு. அது சிரையைச் சுருக்கும் நரம்பு முனைகளையும் தடுப்பதால் வீக்கம் குறைவாக வரும்.

ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, அல்லது வீக்கத்தோடு மூச்சு வாங்கல் இருந்தால் அதை அம்லோடிபின் கணக்கில் எழுதக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஈறு தடித்து வளர்வதும் இந்தக் குடும்பத்தின் பக்கவிளைவுதான். பல் மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டைக் காட்ட யாரும் நினைப்பதில்லை, காட்ட வேண்டும்.

அளவுக் குழப்பம் ஒன்றும் உண்டு. 'எஸ்-அம்லோடிபின் 2.5' என்று ஒரு வகை கடைகளில் இருக்கிறது. சாதாரண அம்லோடிபின் இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களின் கலவை, அதில் வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்தெடுத்தது இது. எனவே அதன் 2.5, சாதாரண அம்லோடிபின் 5க்குச் சமம். எண்ணைப் பார்த்து "பாதிதானே" என்று இரண்டு போட்டால் இரட்டிப்பாகிவிடும்.

ப்ரில், சார்டன்: பங்காளிகள்

பிரேசில் நாட்டு ஜரராக்கா என்ற விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துபோகும். அந்த விஷத்தை ஆராய்ந்து பிறந்த முதல் மாத்திரை காப்டோப்ரில். 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனலாப்ரிலும் ராமிப்ரிலும் அதன் தம்பிகள். இவற்றில் விஷம் எதுவும் இல்லை. அது வேலை செய்த வழியைப் பார்த்துச் செய்த மருந்துகள், அவ்வளவுதான்.

உடம்பில் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் ரத்தக் குழாயை இறுக்கும், உப்பைப் பிடித்து வைக்கும். ப்ரில் அந்தப் பொருள் உற்பத்தியாவதையே தடுக்கிறது. சார்டன் உற்பத்தியை விட்டுவிட்டு, அது போய் உட்காரும் பூட்டை அடைத்துவிடுகிறது. பலன் இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் இருமலில். ப்ரில் தடுக்கும் நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பது. அது சிதையாமல் நுரையீரலில் சேர்ந்தால் தொண்டையில் ஊசி குத்துவது போல வறட்டு இருமல் வரும். சுமார் பத்தில் ஒருவருக்கு வரும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது. ராத்திரி படுத்தால் தொந்தரவு கூடும். தொடங்கி ஒரு வாரத்திலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம்.

ஏற்காடு, நாகலூர், வெள்ளக்கடைப் பக்கம் இந்த இருமலைப் பனியின் மேல் போட்டுவிடுவது சுலபம். காப்பித் தோட்டத்தில் விடிகாலை வேலைக்குப் போகிறவர் இருமினால் யாருக்கும் மாத்திரை நினைவுக்கு வராது. மாதக்கணக்கில் சிரப்பும் ஆன்டிபயாட்டிக்கும் உள்ளே போகும். எனலாப்ரில் சாப்பிடுகிறவருக்கு மூன்று வாரத்துக்கு மேல் வறட்டு இருமல் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எனலாப்ரிலைத்தான். நிறுத்திச் சார்டனுக்கு மாற்றினால் ஒன்று முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். காசநோய்ப் பரிசோதனை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டையும் பார்க்க வேண்டும்.

இருமலுக்காக அதிமதுரத்தைத் தினமும் வாயில் அடக்கிக்கொள்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றும். ஒரு நாள் கஷாயம் ஒன்றும் செய்யாது. வாரக்கணக்கில் தொடர்ந்தால் மாத்திரை தோற்றுப்போகும்.

அபூர்வமாக ப்ரில் மருந்துகளால் உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கும். அது மூச்சை அடைக்கும் ஆபத்து. உடனே 108. அப்படி ஒரு முறை வந்தவர் வாழ்நாளில் ப்ரில் பக்கமே போகக் கூடாது.

சர்க்கரை நோயால் சிறுநீரில் புரதம் போகிறவருக்கும், இதயம் பலவீனமானவருக்கும் இந்த இரண்டு குடும்பமே முதல் தேர்வு. சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தை மற்ற மருந்துகளைவிட நன்றாகக் குறைப்பதே காரணம். "பிரஷர் மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்" என்ற பேச்சு எவ்வளவு பேரை டயாலிசிஸ் கட்டில் வரை கொண்டுபோய் விடுகிறது என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத அழுத்தம். அதைக் காப்பாற்றுவதற்கென்றே இந்த மாத்திரை.

ஆனால் இவற்றைத் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும்; தொடங்கும் முன் இருந்ததைவிட 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததுதான், மருந்தை நிறுத்தத் தேவையில்லை. அதற்கு மேல் ஏறினாலோ, பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினாலோ மருத்துவர் அளவை மாற்றுவார். "பிரஷருக்கு நல்லது" என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பாதிக்குப் பாதி பொட்டாசியம் குளோரைடு இருக்கலாம். சிறுநீரகம் பழுதானவர் ப்ரிலோ சார்டனோ சாப்பிட்டுக்கொண்டே அந்த உப்பையும் சேர்த்து, வெயிலுக்கு இரண்டு இளநீரும் குடித்தால் பொட்டாசியம் இதயத்துடிப்பைக் குலைக்கும் அளவுக்கு ஏறலாம். சிறுநீரகம் நன்றாக இருப்பவர் ஒரு இளநீருக்குப் பயப்பட வேண்டாம்.

ப்ரிலையும் சார்டனையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. ராமிப்ரிலையும் டெல்மிசார்டனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2008இல் வந்தது. கூடுதல் பலன் இல்லை, சிறுநீரகக் கெடுதல் கூடியது. கர்ப்பம் தரித்தவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இரண்டையுமே தொடக் கூடாது. குழந்தையின் சிறுநீரகம் வளராமல் போகலாம். அவர்களுக்கு லபெட்டலால், மெதில்டோபா, மெதுவாகக் கரையும் நிஃபெடிபின் என்று வேறு வரிசை இருக்கிறது.

சார்டன்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. டெல்மிசார்டன் 24 மணி நேரமும் தாக்குப்பிடிக்கும். லோசார்டனின் வேலை அதைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடும். சிலருக்கு இரண்டு வேளையாகப் பிரிக்க வேண்டி வரும். மறுபக்கம், லோசார்டன் யூரிக் அமிலத்தைக் குறைக்கும், அதனால் கட்டைவிரல் வாதம் உள்ளவருக்கு அது நல்லது. டெல்மிசார்டன் ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சும். வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டு வைப்பது நல்ல பழக்கம்தான், இந்த ஒன்றைத் தவிர. மழை மாதங்களில் ஏற்காட்டு வீடுகளில் தீப்பெட்டியே நமுத்துப்போகும். அங்கே டெல்மிசார்டனை அட்டையோடு வெட்டித்தான் டப்பாவில் வைக்க வேண்டும். சாப்பிடும் நேரத்தில் உடைத்தால் போதும்.

நீர் மாத்திரையும் சேலத்து வெயிலும்

நீர் மாத்திரை என்ற பெயரைக் கேட்டு, நாள் முழுக்கக் கழிப்பறைக்கு ஓட வேண்டும் என்று பயப்படுகிறார்கள். அது ஃபுரோசமைடு. பிரஷருக்குக் கொடுக்கும் குளோர்தாலிடோன் 12.5 மி.கி., இண்டபமைடு 1.5 மி.கி. இரண்டும் முதல் சில நாட்கள்தான் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும். பிறகு உடம்பு சமன் செய்துகொள்ளும், அழுத்தக் குறைவு மட்டும் நிலைக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடைவிடக் குளோர்தாலிடோன் நீண்ட நேரம் நிற்கும். பாதி வெளியேறவே 40 மணி நேரத்துக்கு மேல். காலையில் சாப்பிட்டால் ராத்திரித் தூக்கம் கெடாது.

விலை குறைவு, பக்கவாதத்தைத் தடுப்பதில் கெட்டிக்காரர். ஆனால் சோடியத்தைக் கவனிக்க வேண்டும். மெலிந்த, வயதான பெண்களுக்குத் தொடங்கிய முதல் சில வாரங்களில் சோடியம் 135க்குக் கீழே இறங்கலாம். அசதி, குமட்டல், நடையில் தள்ளாட்டம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் என்று அது வெளிப்படும். வீட்டில் "வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது" என்று விட்டுவிடுவார்கள். ஒரு சோடியம் பரிசோதனை அந்தப் பாட்டியை மீட்டுக்கொடுக்கும். பொட்டாசியம் குறைவது, யூரிக் அமிலம் ஏறுவது, சர்க்கரை லேசாக ஏறுவது ஆகியவையும் உண்டு. அளவைக் குறைவாக வைத்தால் இவையும் குறைவு.

சித்திரை வெயிலில் ஜவ்வரிசி ஆலையின் காயவைக்கும் களத்திலோ கட்டிட வேலையிலோ நாள் முழுக்க வியர்ப்பவருக்கு, உடம்பிலிருந்து உப்பும் நீரும் இரண்டு வழியில் போகின்றன. எழுந்தால் கண் இருட்டும். இவரைப் படுக்கவைத்து அளந்தால் மட்டும் போதாது. எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளக்க வேண்டும். மேல் எண் 20க்கு மேல் சரிந்தால் கோடை முடியும்வரை அளவைக் குறைக்கவோ மாற்றவோ மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதே ஆளுக்கு மார்கழியில் பிரஷர் திரும்ப ஏறும், ஏனெனில் குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். கோடையில் குறைத்ததை அப்படியே விட்டுவிட்டுக் குளிர்காலத்தில் அளக்காமல் இருப்பவர்கள் அதிகம். ஏற்காட்டின் உயரம் மட்டும் பிரஷரைப் பெரிதாக மாற்றாது. அங்கே கணக்கில் எடுக்க வேண்டியது குளிரைத்தான்.

வாந்தி, பேதி வந்த நாட்களில் நீர் மாத்திரையையும் ப்ரில் அல்லது சார்டனையும் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் அன்றே கேட்க வேண்டும். வறண்ட உடம்பில் இவை சிறுநீரகத்தைச் சாய்த்துவிடும்.

லால்கள்

அட்டினோலால் ஒரு காலத்தில் எல்லோருக்கும் எழுதப்பட்டது. 2002இல் லோசார்டனோடு ஒப்பிட்ட ஆய்வில், அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தும் பக்கவாதம் லோசார்டன் தரப்பில் கால்பங்கு குறைவாக இருந்தது. அதன் பிறகு வெறும் பிரஷருக்கு மட்டும் லால் முதல் தேர்வல்ல என்ற கருத்து வலுத்தது. நெஞ்சுவலி, பழைய மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, தாறுமாறான துடிப்பு இருந்தால் இன்றும் இவற்றுக்கு ஈடு இல்லை. அப்படிப்பட்டவர் "லால் பழைய மருந்தாம்" என்று கேள்விப்பட்டுத் தானாக நிறுத்திவிடக் கூடாது. பல வருடம் மூடி வைத்த துடிப்பு திடீரென்று அவிழ்ந்து மாரடைப்பே வரலாம். நிறுத்துவதானால் ஒன்றிரண்டு வாரம் படிப்படியாக, மருத்துவர் சொல்படிதான்.

ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கும். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது, அதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். நாடி 50க்குக் கீழே போனால் சொல்ல வேண்டும். மெதுவாகக் கரையும் மெட்டோப்ரோலாலை நடுக்கோட்டில் பாதியாக உடைக்கலாம். பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

மற்றவை இரண்டாம் வரிசை. ப்ரசோசின் புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு இரட்டைப் பலன் தரும், முதல் மாத்திரையைப் படுக்கையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் எழும்போது மயங்கி விழலாம். மூன்று மருந்துக்கும் அடங்காத பிரஷருக்கு ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி. நன்றாக வேலை செய்யும். ஆண்களுக்கு மார்பு வலிக்கும், பொட்டாசியம் ஏறும். குளோனிடினைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே எகிறும்.

இரண்டு சின்னது, ஒரு பெரியதைவிட மேல்

5 மி.கி. அம்லோடிபின் போதவில்லை என்றால் 10 ஆக்குவதா, வேறு குடும்பத்தில் இன்னொன்று சேர்ப்பதா? அளவை இரட்டித்தால் பிரஷர் எவ்வளவு கூடுதலாக இறங்குமோ, அதைப்போல் சுமார் ஐந்து மடங்கு வேறு குடும்ப மருந்தைச் சேர்த்தால் இறங்கும். பக்கவிளைவோ பெரும்பாலும் அளவோடு ஏறும். ஆகவே "ரெண்டு மாத்திரை ஆயிடுச்சே" என்று வருந்த ஒன்றுமில்லை. டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைத்த கூட்டு மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

கூட்டு மாத்திரைகளால் வரும் ஆபத்து இரட்டை மருந்து. வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் அம்லோடிபின் தருகிறார். சேலத்தில் தனியார் மருத்துவர் எழுதிய கூட்டு மாத்திரைக்குள்ளும் அம்லோடிபின் இருக்கிறது. இரண்டையும் சாப்பிட்டால் கால் வீங்கும், தலை கிறுகிறுக்கும், காரணம் தெரியாது. இரண்டு இடத்திலும் எல்லா அட்டைகளையும் காட்டுவது ஒன்றே வழி. காலையா ராத்திரியா என்பது அவ்வளவு முக்கியமல்ல. 21,000 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில் வித்தியாசமே இல்லை. மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம்.

மாத்திரை தோற்பதற்கு அட்டைக்கு வெளியே காரணம் இருக்கும்போது மாத்திரையை மாற்றிப் பயனில்லை. முதல் குற்றவாளி வலி மாத்திரை. தறிக்காரருக்கு முதுகுவலி, மலையில் சுமை தூக்குகிறவருக்கு முழங்கால் வலி. கடையில் இரண்டு டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போவது தினசரி நடப்பு. அது உப்பைத் தேக்கி ப்ரில், சார்டன், நீர் மாத்திரை மூன்றின் வேலையையும் கெடுக்கும். நீர் மாத்திரை, ப்ரில் அல்லது சார்டன், வலி மாத்திரை என மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால், அதிலும் வெயிலில் வறண்ட உடம்பில் சேர்ந்தால், சிறுநீரகம் சில நாட்களில் நின்றுவிடலாம். வலிக்குப் பாரசிட்டமாலும், வெளியே தடவும் மருந்தும், வைத்தியரிடம் காட்டுவதும்தான் வழி. மூக்கடைப்புக்கு வாங்கும் சளி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். அடுத்தது உப்பு. நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. ஊறுகாய், கருவாடு, அப்பளம், சாயங்காலத் தட்டுவடை செட் எல்லாம் அந்த ஒரு டீஸ்பூனுக்குள் வர வேண்டும்.

அளப்பதும் சரியாக இருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் வந்து இறங்கி, டோக்கன் வாங்க ஓடி, உட்கார்ந்ததும் எடுத்த அளவை நம்பி மாத்திரையைக் கூட்டக் கூடாது. காப்பியோ பீடியோ முடிந்து அரை மணி நேரம், முதுகு சாய்ந்து கால் தரையில் பட ஐந்து நிமிட ஓய்வு, கை நெஞ்சு மட்டத்தில், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. வீட்டில் ஏழு நாள் காலையும் மாலையும் எடுத்து முதல் நாளைத் தள்ளி மீதியின் சராசரியைப் பார்த்தால் உண்மை தெரியும். மருத்துவமனையில் 140க்கு 90 என்பது எல்லை என்றால் வீட்டில் 135க்கு 85. அறிகுறி எதுவும் இல்லாமல் 180 காட்டினால் நாக்கடியில் நிஃபெடிபின் உடைத்து ஊற்றும் பழைய பழக்கம் வேண்டாம். அழுத்தம் அதலபாதாளத்தில் விழுந்து பக்கவாதத்தில் முடியலாம். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் செயலிழப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு எண் ஏறியிருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், 108தான்.

ஒரு வேளை மறந்தால் அன்றைக்குள் நினைவு வந்ததும் சாப்பிடலாம், மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. மாத்திரை தீர்ந்துபோவதுதான் மலைக் கிராமங்களில் நிஜமான சிக்கல். மழையில் பாதை கெட்டால் இரண்டு மூன்று நாள் கீழே இறங்க முடியாது. அம்லோடிபினும் குளோர்தாலிடோனும் சாப்பிடுகிறவருக்கு ஒரு நாள் இடைவெளியை உடம்பு பொறுத்துக்கொள்ளும். டெல்மிசார்டன் அதற்கு அடுத்து. எனலாப்ரிலும் லோசார்டனும் மறுநாளே தளர்ந்துவிடும். லால் வகையோ குளோனிடினோ சாப்பிடுகிறவர் இடைவெளியே விடக் கூடாது. அட்டையில் பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே, சேலத்துக்கு இறங்குகிற யாரிடமாவது சீட்டைக் கொடுத்தனுப்பி அடுத்த அட்டையை வாங்கி வைத்துவிட வேண்டும்.